சம்சாரம் உண்டோ?

பெரியப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போன அன்று, மலையாள டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சம்சாரம் உண்டோ?" வாசலில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்ற பெரியம்மாவைக் காட்டி, "உண்டு டாக்டர், அதோ நிக்காங்க" என்றேன். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் கேட்டது பேச்சு வருகிறதா என்று. நான் காட்டியது மனைவியை. மூணாறு, வட்டவடை ரோட்டில் ஜீப் ஓட்டும் எனக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. பதற்றத்தில் தமிழ்க் காது முந்திக்கொண்டது. பக்கவாதம் வந்து பெரியப்பாவுக்குப் பேச்சும் வலது கையும் போயிருந்தன.

அதுவரை எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எந்தச் சண்டையும் அவர் வீட்டுக்குத்தான் வரும். தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, "மொதல்ல பேசுங்கலே. சண்டைய அப்புறமா வச்சுக்கிடலாம்" என்பார். இதைச் சொல்ல ஒரு பெரிய மனுஷன் வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

போன வருடம் உடுமலையில் இருக்கும் என் தம்பி, தன் மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? கூடப்பிறந்த அண்ணன் நான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாள் அவன் போனை எடுக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போவதில்லை என்று முடிவும் கட்டிவிட்டேன். கொதிப்போடு பெரியப்பாவிடம் போய், போனில் பத்திரிகையைக் காட்டிப் பொரிந்து தள்ளினேன். பேச முடியாதவரிடம் போய் ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. பழக்கம்தான்.

பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் முகம் பார்க்கப் பழகியிருந்த அவர், இடது கையால் போனை வாங்கி, விரலால் எதையோ அமுக்கினார். மணி அடித்தது. "அண்ணே?" என்றான் தம்பி. பெரியப்பா போனை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். நான் அதை எடுத்துக் காதில் வைத்தேன். "கல்யாண வேலையில ஒத்தையில கெடந்து அல்லாடுதேன். நேர்ல வர முடியல. கோவமாண்ணே?" என்று அவன் கேட்டபோது என் பத்து நாள் ரோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெரியம்மா அடுப்படியிலிருந்து, "தெரிஞ்சேதான் அமுக்குனாரு" என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. போன வாரம் பெரியப்பாவை மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனபோது தம்பியும் வந்திருந்தான். டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார், "சம்சாரம் உண்டோ?" தம்பி உடனே பெரியம்மாவைக் காட்டி, "இந்தா நிக்காங்கல்லா டாக்டர்" என்றான். பெரியப்பா பாதி வாயால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் தம்பியைத் திருத்தவில்லை.