களவெடுத்த குண்டூசி

எனக்குச் சிறுவயசு ரெண்டு தரம் வந்தது. முதலாவது ஊரில. அதில சொல்ல ஒண்டுமில்லை. மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் என்னை விட்டிட்டுது, நானும் அதை விட்டிட்டன். ரெண்டாவது ஜெர்மனியில, ஆஹென் எண்ட பட்டினத்தில, அறுவது வயசில. பாசை தெரியாது, எழுத்துத் தெரியாது, எந்த பஸ் எங்க போகுமெண்டு தெரியாது. மகளின்ரை மகள், எட்டு வயசு, அவள்தான் கையைப் பிடிச்சு என்னை ரோட்டைக் கடத்துவாள். சிவப்பு லைற்றில காலை வைச்சாப் பேச்சு விழும். கடையில தக்காளிப்பழத்தை அமத்திப் பாத்தா அதுக்கும் பேச்சு. அவள் எனக்குத் தாய் மாதிரி, நான் அவளுக்கு அடங்காத பிள்ளை.

நான் சொல்லப்போறது அந்த ரெண்டாஞ் சிறுவயசுக் கதை.

அங்கத்தைக் குளிர் காதுக்குள்ளால பூந்து பல்லுக்குள்ளால வெளிய வரும். தொப்பி எனக்குச் சரிவராது, கொண்டை விடாது. அதால ஒரு கம்பளித் துண்டைத் தலையைச் சுத்திக் கட்டி நாடிக்குக் கீழ முடிஞ்சு விடுவன். ஊரில மார்கழிப் பனிக்குக் கட்டுற மாதிரித்தான். ஆனா பஸ்ஸில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் வந்து இருக்காயினம். எனக்கென்ன, நல்ல விசாலமாக் காலை நீட்டிக்கொண்டு போவன். பேந்துதான் மருமோன் விளங்கப்படுத்தினவர், சனம் என்னை முஸ்லிம் எண்டு நினைக்குதாம்.

மருமோனுக்கு இது பெரிய கவலை. பாரிஸில இருக்கிற அவரின்ரை தமையன் கிழமைக்கு ஒருக்கா ரெலிபோன் எடுத்து இந்தக் கவலைக்கு எண்ணெய் விடுவார். அங்க பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையள் முக்காடு போட்டு வரேலாதெண்டு சட்டம் வந்திட்டுதாம். ஆர் பிரெஞ்சுக்காரர், ஆர் இல்லையெண்டு ரீவியில ஒரே சண்டையாம். நல்ல விசயமாம், ஆனா எங்களையும் அதுக்குள்ள போட்டுக் குழப்பாமப் பாக்கவேணுமாம். தமையன் பதினைஞ்சு வருசமா ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவுறவர். பாஸ்போட் கையில கிடைச்ச நாளில இருந்து பிரான்சை அவர்தான் காவல் காக்கிறார்.

அதைக் கேட்டு மருமோன் ரெண்டு ஏற்பாடு செய்தவர். ஒண்டு, என்ரை சிலுவைச் சங்கிலியை ஜக்கெற்றுக்கு வெளியால விடச் சொன்னவர். மற்றது, பேத்திக்கு ஒரு வசனம் பாடமாக்கிக் குடுத்தவர். நாங்கள் கத்தோலிக்கர், முஸ்லிம் இல்லை. அவள் அதை ஜெர்மனில செபம் மாதிரிக் கடகடவெண்டு சொல்லுவாள். ஒருநாள் பஸ்ஸில ரிக்கற் பாக்க வந்தவருக்கும் சொன்னவள். கத்தோலிக்கர் எண்டாலும் ரிக்கற் வேணுமெண்டாராம் அவர்.

நத்தாருக்கு முந்தின கிழமை அவளின்ரை வகுப்பு, பழைய மாதா கோயில் ஒண்டில யேசு பாலன் பிறந்த குடில் பாக்கப் போகவேணும். ரீச்சரோட மூண்டு பெரியாக்கள் வரவேணும், இல்லையெண்டாப் பயணமில்லை எண்டு கடிதம் வந்தது. மகளும் மருமோனும் வேலை. பேத்தி என்ரை பேரை எழுதி, என்னைக் கேக்காமலே அனுப்பிப்போட்டாள். மற்ற ரெண்டு பேரில ஒராள் அவளின்ரை உயிர்ச் சிநேகிதியின்ரை தாய், மொரோக்கோக்காரி. எப்பவும் முக்காடு போட்டிருப்பா. மற்றவர் ஒரு பெடியன்ரை தகப்பன், வெள்ளைக்காரன், நல்ல உயரம், தலையில பச்சைக் கம்பளித் தொப்பி.

காலமை பள்ளிக்கூட வாசலில பிள்ளையளெல்லாம் சோடி சோடியாக் கைகோத்து வரிசையில நிக்குதுகள். பேத்தியும் அந்தச் சிநேகிதியும் ஒரு சோடி. அப்ப அந்தப் பச்சைத் தொப்பி மொரோக்கோத் தாயைப் பாத்துப்போட்டு ரீச்சரிட்டை என்னவோ கதைக்கத் தொடங்கினார். எனக்குப் பாசை விளங்காது, ஆனா ரீச்சரின்ரை முகம் சிவந்த விதம் விளங்கினது. பேத்தியைச் சுரண்டிக் கேட்டன். அவள் காதுக்குள்ள சொன்னாள்: இது எங்கடை நாடு, எங்கடை கோயில், உதைப் போட்டுக்கொண்டு உள்ள வரேலாது, கழட்டட்டும் இல்லாட்டி வீட்டை போகட்டும், பிரான்சில சரியாத்தான் செய்யினம் எண்டு சொல்லுறாராம்.

பாரிஸ் தமையனுக்கு இஞ்சயும் ஒரு சகோதரம் இருக்கெண்டு நினைச்சன்.

ரீச்சர் சின்னப் பெட்டை. மணிக்கூட்டைப் பாக்கிறா, பிள்ளையளைப் பாக்கிறா. அந்தத் தாய் சண்டை பிடிக்கேல்லை. தன்ரை மகளின்ரை பையைத் திறந்து பாண் பொட்டலத்தை உள்ள வைச்சு, தலையைத் தடவிப்போட்டுத் திரும்பி நடக்க வெளிக்கிட்டா. மகள் என்ரை பேத்தியின்ரை கையை விட்டிட்டு, தாயின்ரை பின்னால போறதோ வரிசையில நிக்கிறதோ எண்டு தெரியாமல் நடுவில நிண்டது. அந்தப் பிள்ளை அழேல்லை. அழுதிருந்தாப் பரவாயில்லை.

அடுத்தது தொப்பிக்காரர் என்னை நோக்கி விரலை நீட்டினார். உடன பேத்தி தன்ரை செபத்தைச் சொல்லிப்போட்டாள். அவர் என்ரை சிலுவையைக் குனிஞ்சு பாத்துச் சிரிச்சார். என்ரை துண்டு குளிருக்காம், அது பிரச்சினையில்லையாம், நான் வரலாமாம்.

"அவரிட்டைக் கேள், அவவின்ரை தலைக்குக் குளிராதோ எண்டு" எண்டன் பேத்திக்கு.

"அம்மம்மா, அப்பிடியெல்லாம் கேக்கேலாது" எண்டு கெஞ்சினாள்.

கேக்கேலாதெண்டாச் சரி, கால் எனக்குப் பாசை இல்லாமலே நடக்கும். சங்கிலியை எடுத்து ஜக்கெற்றுக்கு உள்ள விட்டன். துண்டை இன்னும் இறுக்கி முடிஞ்சன். போய் அந்தத் தாயின்ரை முழங்கையைப் பிடிச்சு நிப்பாட்டி, பக்கத்தில நிண்டன். அவ என்னைப் பாத்தா, நான் அவவைப் பாத்தன். ரெண்டு பேருக்கும் கதைக்கப் பொதுவாய் ஒரு சொல்லும் இல்லை. அவ போனா நானும் போவன், அவ நிண்டா நானும் நிப்பன். மூண்டு பெரியாக்களில ரெண்டு கழிஞ்சா ஒண்டு. அந்தக் கணக்குக்கு மூண்டாம் வகுப்புக் காணும்.

ரீச்சருக்கும் அந்தக் கணக்கு விளங்கினது. குரலை உயர்த்திச் சொன்னா. பேத்தி பயத்தோட சொல்லித் தந்தாள்: "எல்லாரும் போறமாம்."

தொப்பிக்காரர் முறுமுறுத்துக்கொண்டு பின்னால வந்தார். பெடியன் வரிசையில நிக்கேக்க அவர் எங்க போறது.

கோயிலுக்குள்ள போனதும் நான் பைக்குள்ளால, பூசைக்குத் தலையில போடுற என்ரை வெள்ளை நெற் துணியை எடுத்தன். கோயிலுக்குள்ள தலையை மூடாமல் நிண்டு எனக்குப் பழக்கமில்லை. என்ரை தாயும் மூடினவ, அவவின்ரை தாயும் மூடினவ. கம்பளித் துண்டை அவிட்டுக் கழுத்தில போட்டுக்கொண்டு நெற்றைத் தலையில போட்டன். அது வழுக்கி வழுக்கி விழுகுது. மொரோக்கோத் தாய் பாத்துக்கொண்டு நிண்டவ, முதல் தரமாச் சிரிச்சா. தன்ரை முக்காட்டில இருந்து நீலமணி வைச்ச குண்டூசி ஒண்டைக் கழட்டி, என்ரை நெற்றைக் கொண்டையோட சேத்துக் குத்திவிட்டா. குடிலுக்குள்ள மாதா. முன்னால நாங்கள் ரெண்டு பேர். மூண்டு பேரிலயும் மாதாவின்ரை முக்காடுதான் பெரிசு.

அந்த நேரம் கோயிலைப் பராமரிக்கிற கிழவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு எங்களை நோக்கி வாறார். முகத்தில ஒரு சிரிப்பில்லை. அந்தத் தாயின்ரை கை என்ரை கையை இறுக்கினது. தொப்பிக்காரருக்கு முகம் நல்லா மலர்ந்தது. கிழவர் எங்களுக்குத் தலையை மெல்லமாச் சரிச்சு மரியாதை செய்துபோட்டு, நேர அவரிட்டைப் போய்த் தன்ரை மொட்டந்தலையைத் தட்டிக் காட்டினார். ஆம்பிளையள் கோயிலுக்குள்ள தொப்பியைக் கழட்டவேணும். மனுசன் கழட்டினார். உள்ளுக்கும் மொட்டைதான், தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது. நான் சிரிக்கேல்லை எண்டு சொன்னா அது பொய். மாதா முன்னால நடந்ததைப் பொய்யாச் சொல்லக்கூடாது.

திரும்பி வரேக்க பஸ்ஸில பேத்தி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நாங்கள் முஸ்லிம் இல்லைத்தானே அம்மம்மா? பேந்தேன் அங்க போய் நிண்டனீங்கள்?"

"கால் நொந்தது பிள்ளை. அவவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" எண்டன்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில எங்கடை ஒழுங்கைக்கு அங்கால ஒரு முஸ்லிம் அக்கா இருந்தவ. நல்ல தையல்காரி. என்ரை இளைய மகள் கோயிலில முதல்நன்மை எடுக்கப் போடுற வெள்ளைச் சட்டை அவவிட்டைத்தான் தைக்கக் குடுத்திருந்தது. ஒருநாள் துவக்கோட பெடியள் வந்து, முஸ்லிம் சனமெல்லாம் ரெண்டு மணித்தியாலத்தில ஊரை விட்டுப் போகவேணுமெண்டு அறிவிச்சவங்கள். எங்கடை இயக்கப் பெடியள்தான். அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள, தன்ரை சாமானைக் கட்டிறதை விட்டிட்டு, அவ சட்டையைக் கொண்டந்து படலைக்கு மேலால நீட்டினவ. கீழ்மடிப்பு முடியேல்லை, குண்டூசியோடயே இருந்தது. முடிச்சுத் தர நேரமில்லை, கோவிக்காதேங்கோ எண்டவ. நான் சட்டையை வாங்கினனான். படலையைத் திறக்கேல்லை. அவை ரோட்டால நடந்து போகேக்க நான் வேலிக்கு உள்ளதான் நிண்டனான்.

அண்டைக்கு வைக்காத காலை நான் எங்க கொண்டுவந்து வைச்சனெண்டு பேத்திக்கு எப்பிடித் தெரியும்? அவளுக்கு விளங்கினதெல்லாம் நெற்றில அந்த நீலமணிக் குண்டூசி இன்னும் இருக்கிறதுதான். திருப்பிக் குடுக்கச் சொல்லி ஒரு கிழமையா நச்சரிச்சாள். நான் அசையேல்லை. கடைசியில அம்மம்மா குண்டூசி களவெடுத்துப்போட்டா எண்டு தாய் தகப்பனிட்டைச் சொல்லிப்போட்டாள். மருமோன் பதறிப்போய்க் கடைக்கு ஓடி ஒரு பெட்டி குண்டூசி வாங்கியந்தார். மாமி, அவையின்ரையை அவையிட்டைக் குடுத்திடுங்கோ எண்டார்.

பெட்டியை வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடேக்க, களவெடுத்ததையே எடுத்துக் குத்தினன். பேத்தி கதவடியில நிண்டு என்னை மேலையும் கீழையும் பாத்து, பிள்ளையை வளத்த விதம் பிழைச்சுப்போச்செண்ட மாதிரித் தலையை ஆட்டினாள். பேந்து ரோட்டைக் கடத்த என்ரை கையைப் பிடிச்சாள்.