காலடியில் கொட்டிய டீசல்

மலை ஏறும்போது எங்கள் லாரி இழுக்காமல் திணறியது. எஞ்சினுக்கு டீசல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பிரஷர் மீட்டர் மாட்டினோம். என் மச்சான் வயலுக்கு மருந்தடிக்கும் டியூபை வெட்டி, டீசலையே கேபினுக்குள் அந்த மீட்டர் வரை கொண்டுவந்தான்.

"டீசலு எஞ்சினோட நின்னு, ஒயர் மட்டும் உள்ள வர்ற மீட்டரு இருக்குதேடா" என்றேன்.

"அது இன்னாத்துக்கு மாமா? இந்த டியூபு எவ்ளோ பிரஷர் தாங்குது!" என்றான். நானும் மடையன் மாதிரி தலையாட்டினேன்.

வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம். லோடு மேல் நான்கு கூலிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வளைவில் டியூப் பிய்த்துக்கொண்டு, டீசல் என் காலில் கொட்டியது. பிரேக்கை மிதித்தேன், கால் வழுக்கியது. மறுபடி மிதித்தேன், மறுபடி வழுக்கியது. மலைப்பக்க மண்ணில் மோதித்தான் வண்டியை நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை.

"இன்னா சாமி, தூங்கிக்கினே ஓட்டுறியா?" என்று மேலேயிருந்து ஒரு பெண் கத்தினாள்.

இப்போது கேபினுக்குள் ஒயர் மட்டும்தான் வருகிறது. லோடு மேல் யாரையும் ஏற்றுவதில்லை, திட்டுகிறார்கள், திட்டட்டும். மலை இறங்கும் முன் வண்டியை நிறுத்தி, பெடலையும் என் பாதத்தையும் துணியால் துடைக்கிறேன். இரண்டும் காய்ந்துதான் கிடக்கின்றன. ஆனாலும் துடைக்காமல் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.