கொம்பில் போட்ட ஓட்டை

மான் கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்திகளை நான் சேர்க்கிறேன். ஒரு பெண்பிள்ளை நகை சேர்க்கலாம், பட்டுச் சேலை சேர்க்கலாம், கத்தி மட்டும் சேர்க்கக் கூடாதாம். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த காலத்தில், லீவு நாட்களில் பழைய சாமான் சந்தைகளில் தேடித் தேடி வாங்கியவை அவை. அங்கே மான் ஆண்டுதோறும் தானாக உதிர்க்கிற கொம்பில் பிடி போடுகிறார்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

அதில் ஒன்று எனக்கு உயிர். பிடி முழுக்க மரப்பட்டை போல வரிவரியாகப் பழுப்பு. பெருவிரல் படுகிற இடம் மட்டும், யாரோ காலமெல்லாம் பிடித்துத் தேய்த்து, வழவழவென்று வெளுத்திருக்கும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத் தையல் மிஷின் எண்ணெய் தடவி, பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

அந்தக் கத்தியைத்தான் என் தம்பி கடலுக்குக் கொண்டுபோய்விட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது பிடியின் அடியில் ஒரு ஓட்டை! ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தியிருக்கிறான். சுற்றிலும் கருகல், அதற்குள் ஒரு பச்சை நைலான் கயிறு. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏலே, ஒனக்கு அறிவு இருக்கா? எதுக்குலே ஓட்டை போட்ட?"

"என் கத்தி கடல்ல விழுந்திருச்சுக்கா. இடுப்புல கட்டித் தொங்கவிடாத கத்திய படகுல எவன் வச்சிருப்பான்?"

"அடுப்படியில இருக்கிறத எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே!"

"தப்புத்தான்க்கா. மன்னிச்சிரு."

மன்னிப்பாம்! மன்னித்தால் கொம்பு திரும்ப வளர்ந்துவிடுமா? அவனோடு பேச்சை நிறுத்தினேன். மறுநாள் வந்து, மெழுகை உருக்கி ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்றான். எனக்கு இன்னும் கொதித்தது. படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தபோது, கைலி விலகி அவன் கணுக்கால் தெரிந்தது. தோல் உரிந்து, காலைச் சுற்றி வளையமாக ஒரு காயம்.

"இது கயிறு அறுத்த காயம்லே. என்ன நடந்துச்சு?"

மழுப்பினான். கடலில் நடந்ததை வீட்டில் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர் ஆண்களுக்குச் சட்டம். சொன்னால் மறுபடி கடலுக்கு விடமாட்டோமாம். நான் விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வலை எறக்கையில கயிறு கால்ல சுத்தி என்னைய உள்ள இழுத்திருச்சுக்கா. தண்ணிக்குள்ள வச்சே, இடுப்புல தொங்குன ஒன் கத்தியப் பல்லால விரிச்சு அறுத்தேன். எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிறாத."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாவிலிருந்து தப்பி வந்தவன், அந்தக் காலை மறைத்துக்கொண்டு, ஒரு கொம்புத் துண்டுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டேன். கத்தியை எடுத்து அவன் இடுப்பில் நானே இறுக்கிக் கட்டினேன்.

"இதக் கழத்திட்டுக் கடலுக்குப் போன, நானே ஒன்னையக் கொன்னுருவேன்."