ராஜா மறுபடி சாக வேண்டும்

ஞானசேகரன் அண்ணா பல வருஷங்களாக எனக்குக் கணவராக நடிக்கிறார். மேடையில் அவரை 'நாதா' என்பேன், இறங்கியதும் 'அண்ணா' என்பேன். என் வீட்டுக்காரருக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை நாடகம் பார்க்க வந்தவர், "பாகீரதி, உன்கிட்டேருந்து சீக்கிரமா தப்பிச்சுப் போயிடறாரே, குடுத்து வச்ச மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணாவுக்கு அடுகோடி ஏரியாவில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி ஏறிய குரல். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். மைக் கொடுத்துவிட்டால் பக்கத்துத் தெருவும் தப்பாது. எங்கள் இசை நாடகக் குழுவில் மணிகேது மகாராஜா அவர்தான். மந்திரியின் சதியால் நெஞ்சில் அம்பு பாய, அரண்மனைப் படிமேல் நின்று ஒரு நீண்ட பாட்டைப் பாடிவிட்டு உருண்டு விழுந்து சாவார். பிறகு மகாராணியான நான் புலம்பல் பாட வேண்டும். நாடகம் முழுக்க எனக்கு உருப்படியான பாட்டு அது ஒன்றுதான்.

நல்ல மனிதர். ஒரே ஒரு ஏக்கம் உண்டு அவருக்கு. இசை நாடகத்தில் ஒரு பழைய வழக்கம்: பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவார்கள். கத்திவிட்டால் பாடியவர் மறுபடி பாடியே ஆக வேண்டும். கதை எங்கே நின்றாலும் சரி. செத்தவரானாலும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பாடிவிட்டுச் சாவார். இதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் கிடையாது.

இந்த ஒன்ஸ் மோர் அண்ணாவுக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. பபூனாக வரும் முனியப்பன் தும்மினாலே ஒன்ஸ் மோர் கேட்பார்கள். என் புலம்பலுக்கும் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் காலடியில் பிணமாகக் கிடக்கும் அண்ணாவின் முகம் சுண்டிப்போவதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் தொம்மலூர் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கலாச்சாரக் கமிட்டியைக் கவனிக்கும் ஸ்வர்ணா, குழந்தைகளுக்குப் பழைய நாடக இசையை அறிமுகப்படுத்த 'குடும்பக் கச்சேரி' நடத்துகிறாராம். பேச நானும் அண்ணாவும் போனோம்.

"கிட்ஸுக்கு நம்ம ரூட்ஸ் தெரியணும் சார்" என்றார் ஸ்வர்ணா. "ஒன் அவர்ல முடிச்சிடுங்க. அப்புறம், அந்த சாவு சீன் மட்டும் வேண்டாமே. குழந்தைங்க பயந்துடும்."

அண்ணாவின் முகம் அப்போதே செத்துப்போனது. "மேடம், அந்தப் பாட்டுதான் நாடகமே. வேணும்னா ராஜா சிரிச்சுக்கிட்டே சாவட்டும்."

"சிரிச்சுக்கிட்டேன்னா ஓகே. பட் பிளட் வேண்டாம்."

இப்படியாக மணிகேது மகாராஜா ரத்தம் சிந்தாமல், சிரித்த முகமாகச் சாவது என்று முடிவாயிற்று.

கச்சேரியன்று கிளப் ஹவுஸில் குழந்தைகள் முன்னால் தரையிலும் பெற்றோர் பின்னால் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் மேடையையும் பின்னால் இருந்தவர்கள் போனையும் பார்த்தார்கள். தொடங்குவதற்கு முன்பு அண்ணா கிரீடத்தோடு வந்து விளக்கம் சொன்னார். ராகம் பற்றி ஒரு வரி, ஆர்மோனியம் பற்றி ஒரு வரி. மீதி நேரம் முழுக்க ஒன்ஸ் மோர் பற்றித்தான்.

"பாட்டு புடிச்சுதுன்னா சும்மா இருக்கக் கூடாது, கண்ணுங்களா. எல்லாரும் ஒண்ணா கத்தணும். எங்க, ஒரு தடவை கத்துங்க பாக்கலாம்!"

கத்தினார்கள். கீழேயிருந்து வாட்ச்மேன் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்தத் தடவை விடுவதாக இல்லை என்று எனக்குப் புரிந்தது.

தர்பார் பாட்டை உயிரைக் கொடுத்துப் பாடினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முனியப்பன் வந்து தும்மினான், மூன்று தடவை ஒன்ஸ் மோர். அண்ணா சிம்மாசனத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அம்பு பாய்ந்தது. 'போய் வருகிறேன் பொன்மணியே, என் பொழுது சாய்ந்ததடி' என்று பாடி முடித்து, ஒப்புக்கொண்டபடி சிரித்துக்கொண்டே, மூன்று படியிலும் உருண்டு தொப்பென்று விழுந்தார். நான் புலம்பலுக்கு வாயைத் திறந்தேன்.

"ஒன்ஸ் மோர்!"

கூரை அதிர்ந்தது. பிணம் கண்ணைத் திறந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த உயிருள்ள முகத்திலும் பார்த்ததில்லை. எழுந்து, படியேறி, ஒரு வரிக்கு நாலு சங்கதி போட்டுப் பாடத் தொடங்கினார். முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, சுப்ரியா என்று பெயர், எழுந்து நின்றாள்.

"அங்கிள், பாட்டு வேண்டாம். டைரக்டா விழுங்க."

எனக்கு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் லிஃப்டுக்குள் விட்டுவிட்டு வரலாம் போல இருந்தது. அண்ணா மகாராஜாவாகவே நிமிர்ந்து, "பாட்டு இல்லாம ராஜா சாக மாட்டாரு, கண்ணு. பாட்டு முடிஞ்சாத்தான் உசுரு போகும்" என்றார்.

அது நியாயம் என்று சுப்ரியாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டாள். அண்ணா முழுப் பாட்டையும் பாடி விழுந்தார். மறுபடி கேட்டார்கள், மறுபடி பாடி விழுந்தார். எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பாட்டு முடியப்போகும்போது, விழப்போகிறார் என்ற ஆசையில் குழந்தைகளும் சேர்ந்து பாடினார்கள். ஒவ்வொரு தடவையும் நான் புலம்ப வாயெடுப்பேன், என் கணவர் எழுந்துகொள்வார். ஒரே மாலையில் இத்தனை தடவை தாலியறுத்து, ஒரு தடவைகூட அழ விடாத கொடுமை வேறெந்த மகாராணிக்கும் நேர்ந்திருக்காது. ஒரு மணி நேரம் முடிந்தது என்று ஸ்வர்ணா கைகாட்டினார். சமோசா வந்துவிட்டது.

டேபிள் டென்னிஸ் அறையில் வேஷம் கலைக்கும்போது அண்ணா முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்மோனியக்காரர் கிளிஃபர்ட் தைலம் நீட்டினார், வாங்கவில்லை.

"ஆயித்தும்மா. இத்தோட போதும்" என்றார். "ஒரே ஒரு தடவை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். கேட்டாங்க. எதுக்கு? விழுறதுக்கு. அதுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் போதுமே, நான் எதுக்கு?"

பாட்டுக்காகத்தான் கேட்டார்கள் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தைகள் கேட்டது விழுவதைத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அண்ணா கிரீடத்தைப் பையில் போட்டுக்கொண்டார். முனியப்பனின் ஆட்டோ நின்ற கார் பார்க்கிங்குக்கு இறங்கினோம். அங்கே தூண்களுக்கு நடுவில் ஐந்தாறு குழந்தைகள். ஒரு சின்னப் படிமேல் சுப்ரியா நின்றுகொண்டிருந்தாள்.

'போய் வருகிறேன் பொன்மணியே...'

ராகம் எங்கேயோ போயிற்று. ஆனால் வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி வரிவரை பாடி, அந்த நாலு சங்கதியில் ஒன்றரையைப் பிடித்து, தரையில் விழுந்தாள்.

"இப்ப என் டர்ன்" என்று ஒரு பையன் படியேறினான். "நான் நேரா விழறேன்."

செத்துக் கிடந்த சுப்ரியா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பாட்டு இல்லாம ராஜா சாக மாட்டாரு. முழுசா பாடு."

பையன் முணுமுணுத்துக்கொண்டே தொடங்கினான். முழுசாகப் பாடினான், விழுந்தான். அண்ணா என் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தார். குழந்தைகளுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு, லேத் பட்டறைக் குரலில் கத்தினார்.

"ஒன்ஸ் மோர்!"

யார் கத்தியது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் எழுந்து முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தான். அண்ணா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேடையில் அழ விடாத அழுகையை நான் அங்கே, கார்களுக்கு நடுவில், நன்றாக அழுது தீர்த்தேன்.