பெட்டியை முகர்ந்தவர்

அரிமளம் ஏலத்தில் துருத்தி வைத்த ஒரு வாத்தியப் பெட்டியை எடுத்துவிட்டு, மச்சினன் கல்யாணத்தில் நானே வாசிப்பேன் என்று மாமனார் வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தேன். ஆனால் ஒரே பொத்தான், துருத்தியை இழுத்தால் ஒரு சுரமும் அமுக்கினால் வேறு சுரமும் சொன்னது. பழுதென்று பயந்து, இலுப்பூரில் ஒரு நாடக ஆர்மோனியக்காரரிடம் ஓடினேன்.

பெரிய மீசைக்காரர், எதையும் முகர்ந்துதான் முடிவு சொல்வார். துருத்தித் தோலை முகர்ந்தார். திருகைக் கழற்றி, துத்தநாகத் தகட்டில் வரிசையாக இருந்த சுர நாக்குகளையும் முகர்ந்தார்.

"பழைய ஜெர்மன் பாண்டோனியனுங்க. ரெண்டு சொரம் பேசுறது அதோட பொறவிக் கொணம். வாசிங்க, பாப்போம்."

வாசித்தேன். மெல்ல என் விரல்களைப் பிடித்து முகர்ந்தார்.

"ரிப்பேரு இங்கிட்டுத்தாங்க இருக்கு."

கல்யாணத்தில் அவர்தான் வாசித்தார். பெட்டியைச் சுமந்து போனது நான். விரலில் அப்படி என்ன வாசனையோ, நானும் முகர்ந்து முகர்ந்து பார்க்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.