ஈ குடும்பம்

"மாவுக் கடையில் கிடைத்த புழு ஈ குடும்பத்தைச் சேர்ந்தது என உறுதியாகியுள்ளது. ஞாயிறு கூட்டத்தில் முடிவு எடுக்கப்படும்." எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் இட்ட செய்தி இது. ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை. எதையும் நாள் போட்டு எழுதி வைப்பது என் வழக்கம் என்பதால் இதையும் ஓர் எழுத்து மாறாமல் எழுதி வைத்தேன். இந்தச் செய்தியில் 'உறுதி' என்ற சொல் பொய். 'குடும்பம்' என்ற சொல் மெய்; ஆனால் அதுதான் அதிகக் கேடு செய்தது.

சென்னைக்கு மேற்கே, பாரிவாக்கத்தில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வயல். பாதியில் மனைக்கல் நட்டுவிட்டார்கள், மீதிப் பாதியில் நெல் நிற்கிறது. மழை விட்ட மாலைகளில் அங்கிருந்து பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அரிசி அளவுகூட இருக்காது. சட்டைக் காலருக்குள் போகும், காதுக்குள் போகும், ஆறவைத்த பாலில் மிதக்கும். காலையில் பெருக்கினால் முறத்தில் பச்சைத் தூளாகக் குவியும். அந்த மாதம் முழுக்க நான் சோற்றில் கறிவேப்பிலையைக்கூட இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன்.

கீழ்த்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் இவ்வூர்ப் பெண் ஒருவர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவருக்குத் திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை. அறை சங்கத்துக்குச் சொந்தம். சங்கம் காலி செய்யச் சொன்னால் அந்தப் பெரிய கிரைண்டரை வைக்க அவருக்கு வேறு இடம் இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் அது நுழையாது. இரண்டாம் மாடிப் பெண் ஒருவர் மாவு வாங்கப் போனபோது, மாவு வைத்திருந்த எவர்சில்வர் தூக்கின் மூடிமேல் இரண்டு வெள்ளைப் புழுக்கள் கிடந்தன. அவர் படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'உவ்வே' என்று பலரும் எழுதினார்கள். சிலர் அன்று காலைதான் அந்த மாவில் இட்லி சாப்பிட்டிருந்தார்கள்.

செயலாளர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். நான் பூச்சிகளைப் பற்றிப் படிப்பவன் என்று அவருக்குத் தெரியும். லிப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரே வார்த்தைல சொல்லுங்க. இது ஈயா, இல்லையா?"

"படத்தை வெச்சு ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க. பச்சைப் பூச்சி வயித்துக்குள்ள வளர்ற ஈ ஒண்ணு இருக்கு. பெருந்தலை ஈன்னு சொல்லலாம். அது தனிக் குடும்பம். அதுவா இருக்கலாம். ஆனா..."

"ஈ குடும்பம். சரி சார், போதும்." லிப்டின் கதவு மூடிக்கொண்டது. அது மேலே போய்ச் சேர்வதற்குள் குழுவில் அந்தச் செய்தி வந்துவிட்டது.

வகைப்பாட்டில் குடும்பம் என்பது ஒரு படிநிலை. வரிசைக்குக் கீழே, பேரினத்துக்கு மேலே. இரண்டே சிறகு கொண்டவை எல்லாம் ஒரு வரிசை; கொசு, வீட்டு ஈ, பழ ஈ எல்லாம் அதில் அடக்கம். பெருந்தலை ஈக்கள் அதே வரிசையில் பிபன்குலிடே என்ற தனிக் குடும்பம். அவற்றின் நெருங்கிய உறவு, பூவின்மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக்களோடுதான். குப்பைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள். அன்று மாலைக்குள் 'ஈ குடும்பம்' என்பது மாவுக்காரப் பெண்ணின் வீட்டுப் பெயராகிவிட்டது. "ஈ குடும்பத்துல மாவு வாங்காதீங்க" என்று ஒருவர் குரல் பதிவே போட்டார்.

நான் கீழே போனபோது கணவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் மனைவி கிரைண்டர் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, ரேஷன் கார்டுல பேரு மாத்திடலாமா? குடும்பத் தலைவர், ஈ."

"சும்மா கெட. வவுறு எரியுது எனக்கு, இவுரு வேற." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் ஈன்னு சொன்னீங்களாமே சார்? தெனம் சுடுதண்ணி ஊத்திக் கழுவிக்கினு கீறேன். எங்கேர்ந்து சார் ஈ வரும்?"

"வெளியேர்ந்து வந்த பூச்சிக்குள்ளேர்ந்து வந்திருக்கலாம்மா."

"பூச்சிக்குள்ள புழுவா?" கணவர் கேட்டார். "அதுக்குள்ள இன்னா கீது?"

பதில் சொல்ல எனக்கே கூசியது. இந்த ஈயின் தலை முழுவதும் கண். உடம்பைவிட அகலமான உருண்டை, நூல் போன்ற கழுத்தில் ஆடும். பெண் ஈ புல்லுக்கு மேலே மிதந்தபடி தத்துப்பூச்சியின் குஞ்சைத் தேடும். கண்டதும் கால்களால் பற்றி, ஊசி போன்ற உறுப்பை அதன் உடம்பில் குத்தி ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு விட்டுவிடும். குஞ்சு ஒன்றும் நடக்காதது போலச் சாறு உறிஞ்சும், தத்தும், தோலுரிக்கும், சிறகு முளைத்துப் பறக்கும். உள்ளே புழு அதைத் தின்று வளரும். இனப்பெருக்க உறுப்புகள் சூம்பிப்போகும். கடைசியில் வயிறு முழுக்கப் புழுதான். பூச்சி அதற்கு ஓர் உறை. வயிற்றின் வளையங்களுக்கு நடுவே கிழித்துக்கொண்டு புழு வெளியே விழும், மண்ணிலோ சருகிலோ போய்க் கூட்டுப்புழு ஆகும். பூச்சி சாகும். இதையெல்லாம் புத்தகத்தில் நிதானமாகப் படித்திருக்கிறேன். வாயால் சொன்னபோது நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டது போல் இருந்தது.

வெள்ளி மாலை மாவு அறையின் குழல் விளக்கின் அடியில் தம்ளரைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பூச்சிகளைப் பிடித்தேன். வயிறு உப்பியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பொறுக்கி, கொஞ்சம் அருகம்புல்லோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய மல்லுத் துணி கட்டினேன். பாட்டில் என் சாப்பாட்டு மேசையில் இருந்தது. சனிக்கிழமை அங்கே எனக்குத் தோசை இறங்கவில்லை. பூச்சி அசையாமல் உட்கார்ந்திருக்க, அதன் வயிற்றுத் தோலுக்கு அடியில் மட்டும் ஏதோ புரண்டுகொண்டிருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மதியம் ஒன்று கிழிந்தது. வெளியே வந்த புழு அந்த வயிற்றுக்குள் எப்படி அடங்கியிருந்தது என்று புரியாத அளவுக்குப் பருமன். பூச்சியின் கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய்க் கைகழுவினேன். எதையும் தொட்டிருக்கவில்லை.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பாட்டில் கைமாறியது. யாரும் அதை இரண்டு மூச்சுக்கு மேல் வைத்திருக்கவில்லை.

"செத்த பூச்சி ஒண்ணு, புழு ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல கெடக்கு," என்றார் இரண்டாம் மாடிப் பெண். "புழுவ நீங்களே போட்டிருக்கலாமே?"

கேள்வி நியாயமானது. உப்பிய பூச்சி ஒன்று பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதைத் திறந்து காட்டுகிறேன், யாரிடமாவது ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. மாவுக்காரப் பெண் தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

வெள்ளைத் தாளின்மேல் பூச்சியைக் கிடத்தி, வயிற்றின் ஓரத்தில் ஊக்கு முனையால் லேசாகத் தொட்டேன். அழுத்தக்கூட இல்லை. தோல் பிளந்து புழு தானாகவே வழிந்தது. வெளுத்து, பளபளத்து, தலையென்று ஒன்று இல்லாமல். தாளில் ஈரம் பரவியது. அது நெளிந்தது. செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு கார்களுக்குப் பின்னால் போனார். இரண்டாம் மாடிப் பெண் மட்டும் நின்று பார்த்தார்.

"அப்போ இது எங்க வீட்டு டியூப்லைட்டுக்கு வர்ற பூச்சிலயும் இருக்குமா?"

"இருக்கலாம்."

"எங்க வீட்டுலயும் இருக்கும்," என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

ஊக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மாவுக்காரப் பெண் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐய, வேணாம் சார். நீங்களே வெச்சிக்கோங்க."

கணவர் சிரித்தார். "செக்ரட்டரி சாருக்கு ஈ குடும்பத்துக் கணக்குல ஒரு சோடா சொல்லவா?"

அறை மாவுக்காரப் பெண்ணுக்கே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சன்னலுக்கு வலை அடிக்க வேண்டும், விளக்கு எரியும்போது தூக்கைத் துணியால் மூட வேண்டும் என்பவை நிபந்தனைகள். முடிவை யாரும் விவாதிக்கவில்லை. அந்தத் தாளை விட்டு விலகிப்போனால் போதும் என்ற அவசரம்தான் எல்லோருக்கும். சேரியிலிருந்து வந்தவள் கையில் மாவா என்று முன்பு மாடிப்படியில் முணுமுணுத்த ஒருவர், அறைக்கு ஆதரவாக முதலில் கை தூக்கினார். புழுவைவிட அந்தக் கை எனக்கு அதிகம் குமட்டியது.

எழுந்து போகிறவர்களிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். தத்துப்பூச்சியில் இந்தப் புழு உண்டு என்பதைத்தான் காட்டியிருக்கிறேன், மூடிமேல் கிடந்ததும் இதுதான் என்பதை அல்ல. செயலாளர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். "விடுங்க சார், போதும்," என்றார். அன்று அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை.

மாவு வியாபாரம் மெல்லத் திரும்பியது. நானும் அங்கேதான் வாங்குகிறேன். மூடியைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. அவர் அதைக் கவனிக்கிறார்.

மூடிமேல் கிடந்த இரண்டையும், படம் எடுத்த உடனேயே மாவுக்காரப் பெண் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். வீட்டு ஈயின் புழு முன்பக்கம் கூராகும். தலையின்றித் தடித்த இந்தப் புழு அப்படி இல்லை. படம் மேலிருந்து, அவசரத்தில் எடுத்தது. பெரிதாக்கினால் இரண்டு வெள்ளைக் கறைகள்தான். அவை பெருந்தலை ஈயின் புழுக்களா, வீட்டு ஈயின் புழுக்களா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.