முன்னால் நடப்பது யார்

ஜோர்தான் பாலைவனத்தில் இருக்கும் பெட்ரா என்ற பழைய கல் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் மகளின் ஆசை. மொன்றியல் பல்கலைக்கழகம் ஒன்றில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்தாள். கோடையில் போவதென்று முடிவெடுத்து, என்னையும் வரச்சொன்னாள். சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்துப் படம் படமாகக் காட்டினாள். அவளும் என் கணவரும் தூண்களைப் பார்த்தார்கள். நான் தூண்களின் கீழே கிடந்த மணலைப் பார்த்தேன். ஒரு காலடி இல்லை.

எனக்கு மண்ணில் பயம். போரில் இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பிய கிழமை, என் தம்பி குறுக்குவழி என்று பற்றைக்குள்ளால் நடந்தான். மிதிவெடி இடது காலைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து ஆட்கள் நடந்த தடத்தில்தான் கால் வைப்பேன். மொன்றியலுக்கு வந்தும் மாறவில்லை. பனி கொட்டினால் யாராவது முன்னால் நடக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். அதனால் எத்தனையோ பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். கனடாக்காரன் பனிக்குள் வெடி புதைப்பதில்லை என்று கணவர் பகிடி பண்ணுவார். எனக்குத் தெரியாதா? காலுக்கல்லவா தெரிய வேண்டும்.

மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அப்படித்தான். யாரோ போன தடத்தில் நான், என் தடத்தில் அவள். அதை அவள் விளையாட்டு என்று நினைத்துத் துள்ளித் துள்ளி வருவாள்.

பெட்ராவுக்கு வரவில்லை என்றேன். வெயிலைச் சாட்டினேன், முழங்காலைச் சாட்டினேன். மகள் விடவில்லை. சனம் போகிற பெரிய பாதையை விட்டு மலைப்பக்கம் ஏறினால் ஒரு பழைய வாசல் இருக்கிறதாம், அதைத்தான் எனக்குக் காட்ட வேண்டுமாம். அங்கே எவன் நடந்திருப்பான்? நடந்திருந்தாலும் காற்று தடத்தை அழித்திருக்குமே. என்னை அறியாமல் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டேன். அவள் கண்டுவிட்டாள். கணினியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் முன்னுக்கு நடக்கிறன். என்ர காலடியில கால வைச்சு வாங்கோ."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது. யாரும் மிதிக்காத மணலில் முதல் கால் என் பிள்ளையுடையது. நான் போகாமல் வீட்டில் இருந்தாலும் அவள் போகத்தான் போகிறாள். அந்த முதல் காலை அவள்தான் வைக்கப் போகிறாள்.

"எனக்கும் பிளேன் ரிக்கெற் போடு," என்றேன். "ஆனா முன்னுக்கு நான்தான் நடப்பன்."